பின் சீட்டில் யாருமில்லை

அத்தியாயம் 6

பகல் பதினொன்றரைக்கு ரொவீனா டப் என் தோளில் முகம் புதைத்து அழுதாள். இரண்டு மணிக்கு அவளுக்கு வேலை போகப் போகிறது. இடையில் இருப்பது இரண்டரை மணி நேரம். அதில் அரை மணியை பேக்கரியில் சுடச்சுடக் கிடைக்கும், சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பைக்கு நான் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டிருந்தேன். மனிதனுக்குச் சில கொள்கைகள் வேண்டும்.

“மெர்வ், உன் தோள் தண்ணி உறிஞ்சாது. கைக்குட்டையைக் குடு,” என்றாள் தெல்மா க்வில்ட்டி.

தெல்மா முப்பத்தெட்டு வருடம் வானொலியில் ஒலிப் பொறியாளராக இருந்தவள். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதுக்கு மூன்று தெரு தள்ளி வெண்ணெய் உருகுவது கேட்கும். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் எவராவது எதையாவது மறைத்தால் அதைத் தோண்டி எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டாள். நான் மெர்வ் டிப்பெட், அவளுடைய உதவியாளன். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். பெங்குவின் என்ற எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட அத்தனை பேரும் என் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள். ரொவீனா இரண்டு தடவை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இன்னமும் என்னை ‘மிஸ்டர் டிப்பெட்’ என்கிறாள்.

கடற்கரையில் நிற்கும் பத்தடி சிமெண்ட் பெங்குவினுக்கு அந்த வாரம் கால்பந்து அணியின் கழுத்துத்துணி கட்டியிருந்தார்கள். அதன் காலடி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். நீரிணைக் காற்று என் தொப்பியை மெல்பர்னுக்குத் தபாலில் சேர்க்கப் பார்த்தது.

“முதல்லேருந்து சொல்லு. வலது காதுல சொல்லு,” என்றாள் தெல்மா.

ரொவீனா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். டோரிஸ் வைப்ரோ என்ற அம்மாள் பதினெட்டு வருடம் ஊரார் சமையலறைகளில் டேப் இயந்திரத்தோடு நுழைந்து பேச்சுப் பிடித்தவர். நானூற்றுப் பன்னிரண்டு டேப். ஐந்நூற்று எண்பது மணி நேரம். அதில் பாதி காற்று, கால்வாசி பெங்குவின்களின் கத்தல், மீதி பக்கத்து வீட்டுக்காரர் மீது புகார். அத்தனையையும் கணினியில் ஏற்றிக் காப்பது ஊர் ஒலிக் காப்பகத்தில் ரொவீனாவின் வேலை.

“பழைய டேப்புல பசை கசியும், மிஸ்டர் டிப்பெட். அம்மாவோட பழம் உலர்த்தற பெட்டியில வெச்சு எட்டு மணி நேரம் சுட்டேன். சுட்டா ஒரு தடவை ஒழுங்கா ஓடும். அப்புறம் மறுபடி பிசுபிசுப்புதான். கிடைக்கறது அந்த ஒரு ஓட்டம். சத்தம் எகிறிக் கெட்டுப்போயிடக் கூடாதுன்னு அளவை ரொம்பத் தாழ்த்தி வெச்சுப் பதிவு பண்ணினேன். இருபத்துநாலு பிட்டுல அது தப்பில்ல. பின்னாடி உயர்த்திக்கலாம்.”

“பதினாறு பிட்டுல உயர்த்தினா?” என்று கேட்டாள் தெல்மா.

“டோரிஸ் அம்மா சரளைக்கல்லை மென்னுக்கிட்டே பேசற மாதிரி இருக்கும்.”

நான் விழித்தேன். தெல்மா பெருமூச்சு விட்டாள்.

“ஒலியை ஒவ்வொரு கணமும் அளந்து ஒரு எண்ணா எழுதறாங்க, மெர்வ். பதினாறு பிட்னா அளவுகோல்ல அறுபத்தஞ்சாயிரம் கோடு. இருபத்துநாலுன்னா ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் கோடு. மெல்லிசான சத்தமெல்லாம் அடியில இருக்கற அந்தப் பொடிக் கோடுகள்லதான் உயிரோட இருக்கும்.”

“பஸ் ஓட்டறவனுக்குப் புரியற மாதிரி?”

“இருபத்துநாலு சீட் பஸ். அதைப் பதினாறா வெட்டிட்டாங்க. போனது பின் சீட் எட்டும்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

மார்ச் மாதம் ரொவீனா நானூற்றுப் பன்னிரண்டையும் ஒரே அமுக்கில் கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு எக்ஸ்போர்ட் செய்தாள். வேலை முடிந்ததும் கணினியில் உள்ள மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. அழித்தாள். போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்து ஆள் வந்து திறந்து பார்த்தால், சரளைக்கல். எல்லாம் பதினாறு பிட்.

“எக்ஸ்போர்ட் கட்டம் கடைசியா வெச்சதையே ஞாபகம் வெச்சுக்கும். அதுக்கு முன்னாடி பேக்கரி விளம்பரத்தைப் பதினாறுல போட்டிருந்தேன். மாத்த மறந்துட்டேன்னு லாயிட் சொல்றார். நான் மாத்தினதாத்தான் ஞாபகம். ஆனா அவர், நானூத்துப் பன்னெண்டையும் திறந்து பாத்துட்டேன், எல்லாமே பதினாறுதான்னு சொல்லிச் சாவியைப் பிடுங்கிட்டார். இப்ப எனக்கே என் மேல நம்பிக்கையில்ல.” கைக்குட்டையைப் பிழிந்தாள். “இந்தத் தீவுல இது மாதிரி வேற வேலை கிடையாது. ஒரு ஊரோட குரலை அழிச்சவள்னு பேர் வந்தா, எங்க போய் நிப்பேன்?”

லாயிட் ப்ரிங்கிள் காப்பகத்தின் மேலாளர். கடல் தாண்டி மெல்பர்னிலிருந்து எங்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க வந்தவர். நேற்று அவர் ஒரு குண்டு போட்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்துநாலு பிட்டில் தானே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாராம். ஆகவே இன்றைய கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயம் ரொவீனாவை நீக்குவது. இரண்டாவது விஷயம் லாயிட்டுக்குப் பாராட்டுப் பலகை. மூன்றாவது டீ.

“அந்தப் பிரதியைப் பாத்துட்டு வருவோம்,” என்று எழுந்தாள் தெல்மா.

“பேக்கரி வழியிலதான் இருக்கு.”

“இல்ல.”

காப்பகத்தில் லாயிட் இரண்டு கழுத்துப்பட்டிகளைக் கண்ணாடி முன் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு யூகலேலே. மேசைத் தட்டில் பிரிக்காத காகிதங்கள் ஒரு முழ உயரம்.

“தெல்மா! உங்களை மாதிரி நிபுணர் வந்ததே பெருமை. நீலமா, பச்சையா? பலகையோட ஃபோட்டோ எடுப்பாங்க.”

“பச்சை. முகத்துக்குப் பொருத்தமா இருக்கும்.”

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தன் பிரதியைக் கணினியில் திறந்துவிட்டு, உரையை ஒத்திகை பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். ‘எளியவனாகிய நான்’ என்று ஆரம்பித்தது அந்த உரை. அதற்குப் பிறகு எளிமை எங்கேயும் தென்படவில்லை.

தெல்மா ஒரு கோப்பைத் தட்டினாள். விவரப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 24 பிட்.

“ஆக, அவர் நிஜமாவே வீரர்தான். கிளம்புவோம், பை ஆறிடும்,” என்றேன்.

“பெட்டி மேல ‘தேன்’னு எழுதினா உள்ள தேனாயிடுமா?” அவள் எதையோ அமுக்கினாள். ஒலி முழுவதும் எண்களாகத் திரையில் கொட்டியது. ஒவ்வொரு வரியும் ஒன்றும் சைபருமாக இருபத்துநாலு இடம். “உன் பஸ்ஸையே வெச்சுக்கோ. ஒரு வரி, ஒரு பயணம். பின் சீட் எட்டையும் பாரு.”

பார்த்தேன். கடைசி எட்டு இடமும் சைபர். அடுத்த வரியிலும் சைபர். ஓட்டிக்கொண்டே போனேன். ஆயிரம் வரி, பத்தாயிரம் வரி. சைபர், சைபர், சைபர்.

முப்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: பள்ளிக்கூட பஸ்ஸில் முன் சீட் காலியாக இருக்கலாம். நடு சீட் காலியாக இருக்கலாம். பின் சீட்டுக்கு மட்டும் இரத்தம் சிந்துவார்கள். பஸ்ஸின் மொத்தக் கூச்சலும் அங்கேதான் இருக்கும்.

“பின் சீட்டுல ஒரு பயணம்கூட ஒருத்தனுமே உக்காரலையா? இது பஸ்ஸே இல்ல, தெல்மா!”

“அசல் பதிவுல அந்த எட்டு இடமும் ஒரு கணம் சும்மா இருக்காது. இது பதினாறு சீட் பஸ். பின்னாடி எட்டு வெறும் சீட்டை வெல்டிங் பண்ணி ஒட்டியிருக்காங்க.”

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?” கழுத்துப்பட்டியோடு லாயிட் வாசலில் நின்றார். பட்டி பச்சை. முகமும் அதற்குப் பொருத்தமாக மாறிக்கொண்டிருந்தது.

“காலி சீட்டை எண்ணிட்டிருக்கோம்,” என்றேன்.

தெல்மா திரையைக் காட்டினாள். லாயிட் இரண்டு நிமிடம் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார். பிறகு, வியப்பு என்னவென்றால், சிரித்தார்.

“சரி, ஒத்துக்கறேன். பதினாறைத்தான் இருபத்துநாலா மாத்தினேன். எதுக்கு? காப்பகத்தோட மானத்தைக் காப்பாத்த! பிரதியெல்லாம் கிடையாது. பலகை வேண்டாம், போங்க. ஆனா இதனால யாருக்கு நஷ்டம்? இருபத்துநாலு இனிமே எங்கயுமே இல்ல. அதை அழிச்சது ரொவீனா. அவ தப்பு இப்பத்தான் ரெண்டு மடங்கு ஆகுது. கமிட்டியில நீங்களே சொல்லிடுங்க.”

எங்கள் வீரச்செயலால் ரொவீனா இன்னும் ஆழமான குழிக்குள் போய்விட்டாள். மணி ஒன்று ஐந்து. தெல்மா ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் பெப்பர்மின்ட் போட்டால் வழி தெரியவில்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே கூட்டத்தைப் பார்த்தாலும் தலை எண்ணாமல் நகர மாட்டேன். கல்யாணத்தில் எண்ணுவேன், சவ அடக்கத்தில் எண்ணுவேன். முப்பத்தொரு வருடத்தில் நான் விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு பையனை. அது வேண்டுமென்றே. அந்த வியாதியில் திரையின் அடியில் கண் போயிற்று. ‘342 கோப்புகள்’ என்று இருந்தது.

“லாயிட், நீங்க எத்தனையைக் காப்பாத்தினீங்க?”

“எல்லாத்தையும்தான். நானூத்துப் பன்னெண்டு.”

“இங்க முன்னூத்து நாப்பத்திரெண்டு தலைதான் இருக்கு. எழுபது பிள்ளைங்களைக் காணோமே?”

லாயிட் திரையை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது வந்தது நடிப்பில்லை. அவருக்கே தெரியவில்லை!

தெல்மா பெப்பர்மின்ட்டைக் கடித்து நொறுக்கினாள். “மெர்வ், உன்னை இத்தனை நாளா பை தின்னறதுக்குத்தான் வெச்சிருக்கேன்னு நினைச்சேன். வா, நோலீன்கிட்ட போவோம்.”

நோலீன் காப்பகத்தின் முன்மேசையில் சரக்கறையைக் காப்பவள். ஒரு குண்டூசி வேண்டுமானாலும் அவளுடைய நோட்டில் பெயர், தேதி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் சுவையாக இருந்தால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

“நோலீன், மார்ச்ல ரொவீனா எத்தனை ஹார்ட் டிஸ்க் வாங்கினா?” என்று, தெல்மா வழியில் சொல்லிக்கொடுத்தபடி, கேட்டேன்.

“காரணம்?”

“கேள்வி கேக்கறதுக்குமா காரணம்?”

“இந்த வாசப்படிக்குள்ள மூச்சு விடறதுக்கும்.”

எழுதிக் கொடுத்தேன். நோட்டைத் திருப்பினாள். மார்ச் 9, ரொவீனா டப், ஹார்ட் டிஸ்க் ஒன்று, காரணம்: டோரிஸ். மார்ச் 10, ரொவீனா டப், ஹார்ட் டிஸ்க் ஒன்று, காரணம்: முதலாவது நிரம்பிவிட்டது.

தெல்மாவின் விரல் அந்த வரியில் நின்றது. “ஒரு டிஸ்குல ஆயிரம் ஜிகாபைட் பிடிக்கும். பதினாறு பிட்டுல போட்டிருந்தா நானூத்துப் பன்னெண்டும் எண்ணூறுலயே அடங்கியிருக்கும். ரெண்டாவது டிஸ்கே வேண்டாம். இருபத்துநாலுன்னா ஆயிரத்து இருநூறு. முன்னூத்து நாப்பத்திரெண்டாவது டேப்பிலயே முதல் டிஸ்க் நிரம்பிடும்.” அவள் நிமிர்ந்தாள். “ரெண்டாவது எங்க?”

“மார்ச் 11-ஆம் தேதி பத்திரமா வெக்கச் சொல்லிக் குடுத்தா. பத்திரமாத்தான் இருக்கு.”

“எங்கன்னு கேட்டேன்.”

நோலீன் பெருமையாக ஜன்னலைக் காட்டினாள். நீரிணைக் காற்றில் எங்கள் ஊர் ஜன்னல்களெல்லாம் பல் கிடுகிடுக்கும். இந்த ஜன்னல் மட்டும் அசையாமல் நின்றது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே, ரப்பர் உறை போட்ட கறுப்பு ஹார்ட் டிஸ்க் ஒன்று இறுக்கமாகச் செருகியிருந்தது.

“ரெண்டு மாசமா சத்தமே இல்ல,” என்றாள்.

“யார்கிட்டயும் சொல்லலையா நீ?”

“யாரும் கேக்கல. ரெண்டு டிஸ்க்னு ரொவீனா படிவமும் எழுதிக் குடுத்தா. அது லாயிட் தட்டுல இருக்கு. அந்தத் தட்டுல கிறிஸ்துமஸ் வாழ்த்தையே இன்னும் பிரிக்கல.”

நான் டிஸ்கைப் பிடுங்கினேன். ஜன்னல் இரண்டு மாதக் கோபத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டது.

இரண்டு மணிக்குக் கமிட்டி கூடியது. தலைவி வினிஃப்ரெட் ஆல்சப் பழைய தலைமையாசிரியை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எனக்கே பிரம்படிக்குக் கை நீட்டத் தோன்றும். ஒரு மூலையில் ரொவீனா, கையில் நனைந்த கைக்குட்டை. எதிர்மூலையில் லாயிட், ரொம்ப எளியவராக.

தெல்மா முதலில் காலி சீட்டுகளைக் காட்டினாள். லாயிட் தலையைக் குனிந்து, “ஆர்வக் கோளாறு,” என்றார். பிறகு அவள் ஜன்னல் டிஸ்கைச் சொருகினாள். எழுபது கோப்பு. முந்நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை. எண்களைக் கொட்டினாள். கடைசி எட்டு இடமும் கொதித்தன. ஒரு வரியைப் போல் அடுத்த வரி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பின் சீட், அப்படியே.

“இருபத்துநாலு. உயிரோட இருக்கு,” என்றாள் தெல்மா. “நானூத்துப் பன்னெண்டும் ஒரே அமுக்குல போனது. டிஸ்க் நிரம்பி நடுவுல நின்னப்ப, ரெண்டாவதைச் சொருகி ‘தொடர்’னு அமுக்கியிருக்கா. ஒரு அமுக்குக்கு ஒரே அளவுதான். கடைசி எழுபது இருபத்துநாலுன்னா, முதல் முன்னூத்து நாப்பத்திரெண்டும் அன்னிக்கு இருபத்துநாலுதான். அப்புறம் யாரோ அதை வெட்டியிருக்காங்க. ரெண்டாவது டிஸ்க் இருக்கறதே தெரியாத ஒருத்தர்.”

ரொவீனா எழுந்தே விட்டாள். “அப்ப நான் மாத்தினேன்... மாத்தித்தான் இருக்கேன்!”

“கேக்க நல்லா இருக்கா?” என்றார் வினிஃப்ரெட், சந்தேகமாக.

தெல்மா ஒரு டேப்பைத் தேர்ந்து, மூட்டை தூக்குவது போல் சத்தத்தை உயர்த்தினாள். சரளைக்கல் இல்லை. கெட்டில் கொதிக்கும் சத்தம், கரண்டி படும் சத்தம், எப்போதோ ஒரு சமையலறையில் ஒரு அம்மாள் கிசுகிசுப்பது கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது: “புதுசா ஸ்கூல் பஸ் ஓட்ட வந்திருக்கானே, அந்த டிப்பெட் பையன். அவன் தலை எண்ணறதுல காட்டற கவனத்தை ரோட்டுல காட்டினா என்னவாம், டோரிஸ்? என் ரெண்டு கோழி போச்சு.”

அறை முழுவதும் என்னைப் பார்த்தது.

“பதினாறு பிட்டே போதும்னு எனக்கு இப்பத் தோணுது,” என்றேன்.

“யார் வெட்டினாங்க?” வினிஃப்ரெட் கண்ணாடியைக் கழற்றினார்.

“காரணத்தைக் கண்டுபிடிச்சா ஆள் தானா வருவார்.” தெல்மா முதல் டிஸ்கைச் சொருகினாள். “பதினாறா வெட்டினா இதுல மூணுல ஒரு பங்கு காலியாகியிருக்கணும். ஆனா ஊசி போட இடமில்ல. அந்த இடத்துல யார் குடியிருக்காங்க? மெர்வ், அதைத் திற.”

‘தீயணைப்புப் பயிற்சி’ என்று ஒரு கோப்புறை. முந்நூற்று முப்பது ஜிகாபைட்டுக்கு எந்த ஊரிலும் தீயை அணைக்க மாட்டார்கள். திறந்து முதல் கோப்பை ஓடவிட்டேன்.

டிங்கு டிங்கு டிங்கு. யூகலேலே. அதன் மேல் லாயிட்டின் குரல், காதலி பிரிந்த கடற்காகம் போல. நூற்று அறுபது மணி நேரம் இருந்தது. நாங்கள் நாற்பது நொடியில் சரணடைந்தோம். நீரிணையில் மீன்கள் திசை மாறிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

“இது எத்தனை பிட்?” என்று கேட்டாள் தெல்மா.

விவரப் பெட்டியைப் படித்தேன். “இருபத்துநாலு.”

லாயிட் இருக்கையில் சரிந்தார். “பதினாறுக்கும் இருபத்துநாலுக்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாதுன்னு படிச்சேன்!”

“அப்ப உங்க பாட்டை ஏன் வெட்டல?” என்றாள் ரொவீனா. குரல் உயரவே இல்லை.

லாயிட் பச்சைக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

“வேற ஒரு டிஸ்க் கேட்டு வாங்கியிருக்கலாமே?” என்றார் வினிஃப்ரெட்.

“நோலீன்கிட்டயா?” லாயிட் அலறினார். “காரணம் எழுதணும்! ‘என் யூகலேலே’ன்னு எழுதினா சாயங்காலத்துக்குள்ள ஊரே சிரிச்சிருக்கும்!”

இந்தத் தீவின் பதினெட்டு வருடப் பேச்சைச் சரளைக்கல்லாக்கியவர், ஒரே ஒரு கட்டத்தை நிரப்பப் பயந்து அதைச் செய்திருந்தார். நோலீன் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை.

முதல் விஷயம் கைவிடப்பட்டது. இரண்டாவது விஷயம் எதிர்ப்பின்றித் தோற்றது. மூன்றாவது விஷயமான டீ முழு ஆதரவுடன் நிறைவேறியது. லாயிட் சாவியை ஒப்படைக்க முன்மேசைக்குப் போனார். நோலீன் நோட்டைத் திருப்பி, காரணம் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“எழுத்து பெரிசா இருக்கட்டும்,” என்றாள்.

அந்தச் சாவி மூன்று நிமிடத்தில் ரொவீனா கைக்கு வந்தது.

“மிச்ச முன்னூத்து நாப்பத்திரெண்டு?” என்று கேட்டேன்.

“மறுபடி சுட்டுப் பாக்கறேன். ரெண்டாவது சூட்டுக்குச் சிலது ஓடும்.” அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எல்லாம் ஓடாது, மிஸ்டர் டிப்பெட். சிலதுதான்.”

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலமே அவள் எழுபதுக்கும் ஒரு பிரதி எடுக்க உட்கார்ந்தாள். எக்ஸ்போர்ட் கட்டம் திறந்ததும் விரல் அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நீங்க வாசிங்க.”

“இருபத்துநாலு.”

“தலை?”

“எழுபது.”

“பின் சீட்?”

“ஒண்ணுகூட காலி இல்ல. கூச்சல் தாங்கல. கிளம்பு.”

அவள் அமுக்கினாள்.